மனோன்மணி அக்காவின் வயது

மனோன்மணி அக்கா போய்விட்டார் என்று போன வாரம் அவர் கணவர் ராஜவேலு அண்ணன்தான் போனில் சொன்னார். "நேத்துகூட என்னாண்ட சண்டை போட்டுக்கினுதாம்மா இருந்தா" என்று அழுதார். அக்காவை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பிருக்காது.

எண்பதுகளில் விழுப்புரத்தில் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்தோம். திண்டிவனத்து சேகரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டேன். அவர் என்னைவிட இரண்டு வயது சின்னவர். அக்கா கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு பேருக்கும் ஒரே விஷயத்துக்குக் கோவம் வருதா?" வந்தது. பஸ்ஸை நிறுத்தாத கண்டக்டரிடம் இருவரும் ஒரே நேரத்தில் சண்டைக்கு எழுந்தபோதுதான் எங்களுக்குப் பழக்கமே. "அப்பக் கட்டிக்கடி. சிரிப்பு யாரோட வேணா ஒத்துப்போவும்" என்றார்.

சேகரின் அம்மாவுக்கு இது போதவில்லை. ராஜவேலு அண்ணனையும் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா திண்டிவனம் போனார். "மூத்தவளக் கட்டுனா புருஷன மதிப்பாளாங்க?" என்பதையே அந்த அம்மா திருப்பித் திருப்பிச் சொன்னார். கிளம்ப எழுந்துவிட்ட அக்கா மறுபடி உட்கார்ந்தார்.

"நானே இவரவிட மூணு வயசு பெரியவங்க."

அதிகம் திடுக்கிட்டவர் அண்ணன்தான். பெண் பார்க்க வந்தபோது அக்காவின் அப்பா ஐந்து வயதைக் குறைத்துச் சொல்லி, ஜாதகத்தைக் கரையான் தின்றுவிட்டது என்றும் சாதித்திருக்கிறார். இத்தனை வருடம் காத்த ரகசியத்தை அக்கா எனக்காகப் போட்டு உடைத்துவிட்டார். என் கல்யாணத்தோடு இவர்கள் குடும்பமும் போச்சு என்றே நினைத்தேன்.

"உங்களுக்கே தெரியாதா?" என்றார் சேகரின் அம்மா.

அண்ணன் காபியை முழுசாகக் குடித்து முடித்தார். "இப்பத்தான் தெரியும். ஒரு சண்டையிலயும் நான் ஜெயிச்சதில்லையேன்னு யோசிச்சிக்கினே இருந்தேங்க. இப்பப் புரியுது."

அந்த அம்மா சிரித்துவிட்டார். அதற்குமேல் எப்படி மறுப்பது? அடுத்த மாதமே மயிலத்தில் எங்கள் கல்யாணம்.

திரும்பும்போது அண்ணன் பஸ்ஸில் தனியாகத்தான் உட்கார்ந்தார். விக்கிரவாண்டியில் வறுத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, வாங்கி அக்காவிடம் நீட்டினார். "பெரியவங்க மொதல்ல."

வெளியாட்களிடம் அக்கா கடைசிவரை அண்ணனைவிட இரண்டு வயது சின்னவர்தான். யாராவது சந்தேகப்பட்டால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். எனக்கு அவர் விட்டுப்போனது, தினமும் சண்டை நடக்கும் என் நல்ல குடும்பம்.

சாவு வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரில் அக்காவின் உண்மையான வயது கொட்டை எழுத்தில் இருந்தது. "என்ன அண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றேன்.

"தெரிஞ்சிதாம்மா போடச் சொன்னேன்" என்றார். "கோவத்துல எழுந்து வந்துட மாட்டாளான்னு பாத்தேன்."