கோபத்தோடு கிரேன் ஏறாத அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் படத்துக்கு மாலை போட வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தரும்போது, தங்கையாகிய நானும் நான்கு வார்த்தை எழுத வேண்டும் என்று அண்ணி கேட்டுக்கொண்டார்.

அண்ணன் புதுவாயலை அடுத்த சிற்றூரில், கூலி வேலை செய்த பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் சுமை தூக்கப் போனார். அம்மாவும் நானும் பட்டினியில்லாமல் இருந்தது அதனால்தான். சில ஆண்டுகளில் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஆலைக்குள் கூரையை ஒட்டி ஓடும் கிரேன் அது. மேலே கண்ணாடிக் கூண்டில் அண்ணன் இருப்பார். கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

ஞாயிறு மட்டுமே விடுமுறை. காலையில் காக்கி உடுப்பைத் துவைத்துப் போடுவார். மதியம் கறிச்சோறு, பிறகு ஒரு தூக்கம். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பி, எட்டு மணிக்குப் படுத்துவிடுவார். பேச்சு சூடுபிடிக்கும்போது எழுந்து போகிறாரே என்று உங்களில் சிலர் வருத்தப்பட்டதும் உண்டு. “தூக்கம் கெட்டா எனுக்கு ஒண்ணும் ஆவாது. கீழ நிக்கறவனுக்குத்தான் ஆவும்” என்பார்.

நான் விரும்பியவரை மணந்துகொண்டபோது அண்ணன் திருமணத்துக்கு வரவில்லை. இது நீங்கள் அறிந்ததுதான். கடம்பத்தூரில் குடியேறிய என்னோடு இரண்டு ஆண்டுகள் பேசவும் இல்லை. நானும் போகவில்லை. எனக்கும் அவருடைய பிடிவாதம்தான்.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் எங்கள் வாசலில் வந்து நின்றார். திருவள்ளூர் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்திருக்கிறார். அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

“அம்மா நல்லாக்கீது. நீ உக்காரு” என்றவர், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார். “நேத்து தூண் ஒண்ணத் தூக்கிக்கினு போறேன். உன் நெனப்பு வந்துடுச்சி. பிரேக்கு ஒரு நொடி லேட்டு. கீழ இருந்தவன் குதிச்சி நவுந்துட்டான். நவுரலன்னா இன்னா ஆயிருக்கும்?”

அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக் கீழே வைத்தேன்.

“தப்பு என்னுதுன்னு சூப்பர்வைசராண்ட சொல்லிட்டேன். நாளைக்கி மறுபடி ஏறணும். இந்தக் கோவத்த வச்சிக்கினு ஏற மாட்டேம்மா.” பிறகு என் கணவரைப் பார்த்து, “மாப்ள, எம்மேல வருத்தம் இருந்தா இப்பவே சொல்லிடுங்க” என்றார்.

‘அதெல்லாம் ஒன்றுமில்லை’ என்று சொல்லிவிடுவார் என எதிர்பார்த்தேன். என் கணவர் சொல்லவில்லை.

“இருக்கு மச்சான். நீங்க வருவீங்க வருவீங்கன்னு இவ வாசலையே பாத்துக்கினு இருந்தா. அழுதுகினேதான் தாலி கட்டிக்கினா. அத என்னால மறக்க முடியல.”

அண்ணன் தலை குனிந்தார். “நான் வந்திருக்கணும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவர் கண்ணில் நீரை அன்றுதான் பார்த்தேன். சாப்பிட்டார். எட்டு மாதமாகியிருந்த எங்கள் மகளை முதல்முறையாக மடியில் வைத்துக்கொண்டார். மூன்று மணியானதும், “ரயிலு பூடும், சீக்கிரம் படுக்கணும்” என்று எழுந்துவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அதன்பின் அண்ணனின் ஞாயிற்றுக்கிழமையில் இன்னொரு வேலை சேர்ந்தது. வாரத்தில் யாரோடாவது மனத்தாங்கல் ஏற்பட்டிருந்தால், மாலைக்குள் அவர் வீட்டுக்கே போய்ப் பேசிவிட்டு வருவார். செல்போன் வாங்கிய பிறகு ஐந்து மணிக்கு என்னை அழைப்பார். “எதுனா வருத்தம் இருக்காம்மா?” என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் சொல்லுவேன்.

நோய் வந்ததை எங்களுக்கு முன்பே அவர் உணர்ந்திருக்கிறார். மருத்துவரிடம் போவதற்கு முன் சூப்பர்வைசரிடம் போய், “கை நடுங்குது சார், என்னக் கீழ எறக்கிடுங்க” என்று கேட்டு இறங்கிக்கொண்டாராம். நான்கு மாதம் படுக்கையில் இருந்தார். ஒருவரையும் கடிந்து பேசவில்லை. ஒரு புதன்கிழமை விடியலில், அண்ணியின் கையைப் பிடித்தபடி அடங்கிப்போனார்.

அந்த நான்கு மாதமும் ஷிப்ட் முடிந்து முறைவைத்து மருத்துவமனையில் துணையிருந்த ஆலைத் தோழர்களுக்கும், அண்ணன் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கிப்போட்ட பக்கத்து வீட்டாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னொருவருக்கும் நன்றி சொல்ல வேண்டும். என் திருமணத்துக்குப் பின் எங்கள் பெரியப்பா என்னிடம் பேசியதில்லை. அண்ணன் சமாதானமான பிறகும் அவர் மனம் இறங்கவில்லை. அண்ணனை எடுத்துச் செல்லும் நேரத்தில் என் கணவர் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றார். பெரியப்பா திரும்பிப் பார்த்து, எல்லோர் முன்னிலையிலும் கூப்பிட்டார்.

“இன்னா மாப்ள அங்க நிக்கறீங்க? வாங்க, வந்து தோள் குடுங்க.”

அந்த வார்த்தைக்கு, பெரியப்பா, உங்களுக்கு என் வணக்கம்.