எறும்பு வீட்டில் விழுந்த சாக்பீஸ்

திண்டுக்கல்லில் என் அண்ணன் வீட்டு ஷோகேஸின் மேல்தட்டில், பாலித்தீன் உறையில் இறுகச் சுற்றியபடி, உள்ளங்கை அகலத்தில் ஒரு வெள்ளைக் கட்டி இருக்கிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்தது. மேலே கண்ணாடி மூடி, உள்ளே வளைந்து வளைந்து போகும் குழிகள். என் மதினியின் எறும்பு வீடு அது. இப்போது அதில் ஒன்றும் இல்லை. ஆனாலும் அதை நான் தொடுவதில்லை.

மதினி பள்ளிக்கூட டீச்சர். முதல் மழைக்குச் சிறகு உதிர்த்து வாசலில் ஊர்ந்துகொண்டிருந்த ராணி எறும்பை எடுத்துவந்து, ஒரு கூட்டமாகவே பெருக்கிவிட்டார். அதற்கு வீடு கட்ட அவர் பட்ட பாடு இருக்கிறதே! தெர்மகோல் கூடாது, கடித்துத் துளைத்துவிடும். பெயிண்ட் அடித்த மரம் கூடவே கூடாது. கண்ணாடி ஒட்டிய சிலிக்கான் பசையின் புளிச்ச வாடை முழுசாகப் போகும்வரை வெயிலில் காயவைத்தார். "எனக்குக்கூட நீ இப்படி வீடு பாக்கலையே" என்று அண்ணன் கேலி செய்வார். "என்னைய நம்பி இருக்குதுக" என்பார் மதினி.

எனக்கோ பயம். கோயில் திருவிழாவுக்குக் கைக்குழந்தையோடு வந்திருந்தேன். அவை தப்பித்துப் பாப்பாவின் காதுக்குள் போய்விட்டால்? அம்மாவுக்கும் அதே பயம். மதினியிடம் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டில் எறும்பு மருந்துச் சாக்பீஸ் வாங்கிவந்து, தொட்டிலைச் சுற்றிக் கோடு போட்டார். மீதியை, சாக்பீஸ் சாக்பீஸோடுதானே என்று, மதினியின் பள்ளிக்கூட டப்பாவிலேயே போட்டுவைத்தார்.

மறுநாள் காலை அந்த டப்பா தரையில் கவிழ்ந்து கிடந்தது. தவழ்ந்துபோன பாப்பாவின் உதடெல்லாம் வெள்ளை. கையில் எச்சில் ஊறிய ஒரு துண்டு. பிடுங்கி எறிந்தேன். "ஐயோ, ரெண்டும் ஒண்ணாத்தான கிடந்துச்சு!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டபோதுதான் எனக்கு விஷயமே புரிந்தது. அண்ணன் ஆட்டோ பிடித்தார். ஆஸ்பத்திரியில் பாப்பாவின் வாயைத் துடைத்தபடி டாக்டர் கேட்டார், "என்ன சாக்பீஸ்மா?" பள்ளிக்கூடச் சாக்பீஸா, மருந்துச் சாக்பீஸா, எனக்கே தெரியவில்லை. பாப்பா என் சேலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அண்ணனின் போன் அடித்தது. மதினி வீட்டிலிருந்து பேசினார். "மருந்துச் சாக்பீஸ்தாங்க. டாக்டர்கிட்ட உடனே சொல்லுங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எறும்பெல்லாம் சுருண்டுருச்சு."

சாயங்காலம்வரை வைத்துப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும் மதினியிடம் கேட்டேன், ஒரே ஒரு எறும்பை வெளியே எடுத்துச் சோதித்திருக்கலாமே என்று. "அம்புட்டு யோசிக்கத் தோணல. மூடியத் தெறந்து நீ பிடுங்கி எறிஞ்ச துண்ட அப்படியே போட்டுட்டேன்" என்றார். ராணியும் போயிருந்தது. பாப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்ட பிறகுதான் அவர் அழுதார்.

இப்போது பாப்பாவுக்கு ஐந்து வயது. போன வாரம் ஸ்டூல் போட்டு ஏறி, உறையைப் பிரித்து, அந்தக் கட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டர் உறிஞ்சிய மருந்து கழுவினாலும் போகாது என்று சொல்லித்தான் மதினி அதை உறையிட்டிருந்தார். "அத்த, இது யாரு வீடு?" என்றாள் பாப்பா. பதில் சொல்ல மதினிக்கு நேரமில்லை. அவள் விரல் வாயை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கைய வாயில வைக்காத!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு போய், அவள் விரல் ஒவ்வொன்றையும் நானும் மதினியும் மாறி மாறிச் சோப்புப் போட்டுக் கழுவினோம்.