மட்டாஞ்சேரியில் தங்கிப் படித்தவள்

போன வாரம் பினாங்கிலிருந்து வந்து என் வீட்டில் தங்கியிருக்கும் பெண், முதல் நாள் சாப்பாட்டிலேயே தண்ணீர்க் குவளையை நகர்த்தி வைத்துவிட்டாள். "அக்கா, இதுல யாரோ ரத்தக் கையக் கழுவியிருக்காங்க" என்றாள். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்தால் தண்ணீர் அப்படித்தான் சிவக்கும், கொச்சியில் எல்லா வீட்டிலும் இதைத்தான் குடிக்கிறோம் என்று சொல்லிப் புரிய வைத்தேன். இப்போது வெளிநாட்டுப் பெண்கள் மூன்று பேர் என்னிடம் தங்கி உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறார்கள். மகளை அனுப்புமுன் பினாங்குத் தாய்மார்கள் கடிதத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி, "நல்ல குடும்பந்தானே?" என் அத்தாவும் அதைத்தான் கேட்டார்.

அப்போது நாங்கள் பினாங்கில் இருந்தோம்; எனக்குப் பதினைந்து வயது. மலாயாவில் தோட்டப்புறமெங்கும் துப்பாக்கிச் சத்தம். இந்தியாவில் நிம்மதியாகப் படிக்கட்டும் என்று மட்டாஞ்சேரியில் மிளகு வியாபாரம் செய்த கரீம் மாமா வீட்டில் என்னைச் சேர்த்தார். வீட்டில் தமிழ்தான் பேசினார்கள். மூன்றாம் நாள், சோறு குழைந்துவிட்டதென்று மாமா இடுப்புவாரைக் கழற்றி, அவர் மனைவி சைனம்பு மாமியை அடித்தார். பினாங்கில் நான் துப்பாக்கிச் சத்தத்தைத் தூரத்தில்தான் கேட்டிருக்கிறேன். இங்கே வார் சதையில் விழும் சத்தம் சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டது.

ஒருநாள் வாருக்குப் பயந்து ஓடிய மாமி மாடிப்படியில் வழுக்கி விழுந்து கை முறிந்தாள். செய்தி கேட்டுப் பாலக்காட்டிலிருந்து அவள் அண்ணன் வந்தார். அடித்தது உறுதியானால் தங்கையைக் கையோடு கூட்டிப் போவதாகச் சொன்னார். பள்ளிவாசல் பெரியவரை நடுவில் வைத்துப் பேசினார்கள். மாமி கட்டுப்போட்ட கையை முக்காட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். பெரியவர் என்னைக் கூப்பிட்டு மலையாளத்தில், "மோளே, பேடிக்கண்டா. இவன் தல்லியோ?" என்றார். பயப்படாதே என்றது புரிந்தது; 'தல்லியோ' என்றதைப் படியில் தள்ளினாரா என்று கேட்பதாக நினைத்தேன். "இல்லைங்க, தள்ளல. அவங்களாத்தான் விழுந்தாங்க" என்றேன். உண்மையைச் சொன்ன நிம்மதி எனக்கு. அண்ணன் தனியாகவே ரயிலேறினார்.

மறுநாள் வகுப்பில் ஆசிரியை பிரம்பை ஓங்கி, "மிண்டிப்போயால் தல்லும்" என்றார். பேசினால் அடி விழும், தல்லுவது என்றால் அடிப்பது என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். வீட்டுக்கு ஓடி மாமியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "நீ என்னடி செய்வே, விடு" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், கட்டுப்போட்ட அந்தக் கையின் மேலேயே வார் விழுந்தது. நான் ஜன்னலைத் திறந்து, கற்ற சொல்லைத் தெருவை நோக்கிக் கத்தினேன்: "ஓடி வரணே! மாமியெ தல்லிக் கொல்லுன்னே!" எதிர்க் கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த நாலு பேர் ஏறி வந்தார்கள். "பெண்ணினெயாணோடா தல்லுன்னது?" என்று, ஒரு பெண்ணையா அடிக்கிறாய் எனக் கேட்டு, மாமாவை இழுத்துச் சுவரில் அடித்தார்கள். பல் உடைந்து தரையில் தெறித்தது. ஒரு கண் பிதுங்கி ரத்தம் கொட்டியது. இன்னும் அடியுங்கள் என்று கத்தியது என் குரல்தான். அதை நான் மறைக்கப் போவதில்லை. கடைசியில் மாமிதான் ஒற்றைக் கையோடு அவர்மேல் விழுந்து, "போதும், செத்துருவாரு!" என்று அலறித் தடுத்தாள்.

ஒரு கண்ணை இழந்த மாமா திருப்பூணித்துறையில் தம்பி வீட்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. உடனே புறப்படு என்று அத்தா தந்தி அடித்தார். கை கோணலாகக் கூடிவிட்டதில் மாமியால் சோற்றுப்பானையை இறக்க முடியாது. நான் போகவில்லை. இன்றும் அவள் என்னோடுதான் இருக்கிறாள்.

சென்ற ஆண்டு பினாங்குக்குப் போயிருந்தேன். அத்தா விருந்தாளிக்கு எடுக்கும் பீங்கான் தட்டில் எனக்குச் சோறு வைத்து, "எப்பம்மா ஊருக்குப் போறே?" என்றார். மட்டாஞ்சேரிக்குத் திரும்பிய மறுநாள், வைப்பினிலிருந்து வரும் மீன்காரி, "பினாங்குக்காரீ, இனி எப்போழா நாட்டில் போகுன்னே?" என்று, ஊருக்கு எப்போது போவேன் என்ற அதே கேள்வியைக் கேட்டாள். அத்தாவுக்குச் சொன்ன பதிலையே அவளுக்கும் சொன்னேன்: "சீக்கிரம்."