பட்டு தாங்கும்... பால்?

போன திங்கட்கிழமை முதல் பீரியட் முடிந்து போனை எடுத்தால், கணவரிடமிருந்து ஒரு போட்டோ. காலியான பால் புட்டி. பக்கத்தில் சிரித்துக்கொண்டு எங்கள் கைக்குழந்தை யாழினி. கீழே ஒரு வரி: 'நல்லா காய்ச்சி, ஆத்தி, குடுத்துட்டேன்.'

காய்ச்சியா?

அது நான் காலையில் எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு வந்த தாய்ப்பால். பிரசவ விடுப்பு முடிந்து அன்றுதான் வேலைக்கு முதல் நாள். 'வெதுவெதுப்பான தண்ணீரில் புட்டியை வைத்தால் போதும்' என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். சொன்னேனா? கல்லூரிக்குப் போக ஏனாத்தூர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சொன்னதாக நினைத்துக்கொண்டேனா?

உடனே போன் போட்டேன்.

"ஏங்க, கொதிக்க வெச்சீங்களா?"

"பின்ன? பச்சைப் பாலையா குடுப்பாங்க? பொங்கி வந்ததும் எறக்கிட்டேன்மா."

"தாய்ப்பாலைப் போய் யாராவது..."

"இன்னாமா இப்படிப் பதர்றே? பட்டு நூலையே சோப்புத் தண்ணியில வேக வெச்சுக்கினு இருக்கிறேன். மேல இருக்கிற பசைதான் போவுது. நூலுக்கு எதனா ஆவுதா? பாலுக்கு மட்டும் இன்னா ஆயிடும்?"

அவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் சாயப் பட்டறை. கொதிநீரை நம்பி வாழ்கிற குடும்பம். எதைக் கொதிக்க வைத்தாலும் சுத்தமாகத்தான் வெளியே வரும் — அங்கே அதுதான் வேதம்.

எனக்கோ அன்றைய பாடமே புரதம்! சற்று முன்புதான் போர்டில் வரைந்திருந்தேன். புரதம் ஒரு நீளச் சங்கிலி. அதில் ஒரு கண்ணியின் ஹைட்ரஜன், தள்ளியிருக்கும் இன்னொரு கண்ணியின் ஆக்சிஜனை லேசாகப் பிடித்து இழுக்கும். இப்படி இழுத்து இழுத்துச் சில இடங்களில் சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருளும். சில இடங்களில் பக்கம் பக்கமாகப் படுத்து, மடிப்பு வைத்த தகடு போல ஆகும். யாரும் மடித்துவிடுவதில்லை, தானாகவே நடக்கும். ஒவ்வொரு பிடியும் பலவீனம்தான். நிறைய சேர்ந்தால்தான் பலம்.

பட்டு இழையில் அந்தத் தகடுகள் நெருக்கி அடுக்கியிருக்கும். கொதிநீர் உள்ளே புகுந்து பிரித்துவிட முடியாது. தாய்ப்பாலில் நோயைத் தடுக்கிற புரதங்களிலும் சுருளும் தகடும் உண்டு... ஆனால் அந்த நெருக்கம் கிடையாது. கொதித்தால் பிடி விடும். வடிவம் கலையும். வடிவம் போனால் வேலையும் போச்சு.

போர்டில் எழுதும்போது அது மார்க். என் குழந்தை குடித்துவிட்ட பிறகு, அது வெறும் மார்க் இல்லை.

குழந்தையைப் பார்க்கிற டாக்டரம்மாவை அழைத்தேன்.

"பாப்பா வாந்தி எடுக்குதா?"

"இல்ல டாக்டர்."

"அழுவுதா?"

"தூங்குதாம்."

"அப்ப நான் யாருக்கு வைத்தியம் பாக்கணும்?"

புரதம், தகடு, பிடி என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"கொதிச்சா நோயைத் தடுக்கிற சக்தி கொறையும். விஷமா மாறாதும்மா. வயித்த நெறைக்கிற சத்தும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். வீட்டுக்குப் போய் நீ பால் குடு, சரியாப் போயிடும். நாளையிலிருந்து காய்ச்ச வேணாம்னு சொல்லு."

பாதி படித்தவர்களுக்குத்தான் பயம் அதிகம் என்பார்கள். முழுசாகப் படித்தால் மட்டும் குறைகிறதா, என்ன? பயப்படக் கூடுதலாக நாலு காரணம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

சாயங்காலம் குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்தபடியே அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் சுண்டிப்போனது.

"அப்ப நான் கெடுத்துட்டேனாம்மா?"

"குழந்தைக்கு ஒண்ணுமில்லீங்க. டாக்டரே சொல்லிட்டாங்க."

மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர்தான். ஆனால் பயமும் தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. நேற்று வகுப்பு நடுவில் போன்.

"ஏம்மா... புட்டி கழுவுற தண்ணியையாவது கொதிக்க வைக்கலாமா?"

வைக்கலாம் என்று கிசுகிசுத்துவிட்டுப் போனை வைத்தேன்.

வைக்கலாம் என்றுதானே சொன்னேன்?