இடது பின்சக்கரம்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை மகள் என்னோடு இருக்கலாம் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது முடியவில்லை. நானும் என் மனைவியும் பிரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தப்பு பெரும்பாலும் என் வாயினுடையது. இப்போது அதை மறுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர்கள் சிதம்பரத்தில் என் மாமியார் வீட்டில் இருந்தார்கள். நான் கடலூர் முதுநகரில் தனியாக ஒரு வாடகை வீட்டில் இருந்துகொண்டு, குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு வேலைக்குப் போய்வந்தேன்.

முதல் ஞாயிறு பஸ்ஸில்தான் போனேன். ஓட்டலில் எதிரே உட்காரவைத்துப் பூரி வாங்கிக் கொடுத்தேன். அவள் அதைத் தொடவேயில்லை. வாசலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அடுத்த வாரம் எங்கள் பழைய காரில் போனபோது, தானே முன்கதவைத் திறந்து ஏறினாள். டேஷ்போர்டு அறைக்குள் கைவிட்டுத் தன்னுடைய பழைய ஹேர்பின் ஒன்றைத் தேடியெடுத்துத் தலையில் குத்திக்கொண்டாள். பிறகு வாய் ஓயாமல் பேசினாள். நாங்கள் மூவரும் வாழ்ந்த வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்ததாக என்னிடம் மிச்சமிருந்தது அந்தக் கார் மட்டும்தான். அதனால் அதைவிட்டு வேறெதிலும் நான் போகவில்லை.

ஆனால் டயர்கள் பழையவை. ஒரு ஞாயிறு புதுச்சத்திரம் தாண்டி ஆணி ஏறியது. முக்கால் மணி நேரம் தாமதம். இரண்டு வாரம் கழித்து, காலையில் கதவைத் திறந்தால் வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. ராத்திரி முழுக்கக் காற்று கசிந்திருந்தது. அன்றும் தாமதம். குழந்தையைக் கீழ வீதியில் தேரடிப் பக்கம் கொண்டுவந்து விடுவது என் மனைவியின் தம்பி. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான்:

"நா ஒண்ணும் பண்ண முடியாது மாமா. அக்கா எல்லாத்தையும் குறிச்சி வச்சிக்கினு இருக்குது. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சின்னா வக்கீலாண்ட சொல்லிடுவாங்க."

அந்த வாரமே டயர் காற்றைக் காட்டும் சென்சார் செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். முந்தின நாளே கசிவு தெரிந்தால் சரிசெய்துவிடலாம் என்ற கணக்கு. கட்டைவிரல் நுனியளவில் நான்கு கறுப்பு மூடிகள், டேஷ்போர்டில் ஒட்ட ஒரு சின்னத் திரை. சனிக்கிழமை மத்தியானம் வெயிலில் மண்டிபோட்டு மாட்டினேன். டயரின் வால்வு மூடியைக் கழற்றிவிட்டு, வால்வில் முதலில் ஒரு நட்டு, அதன்மேல் சென்சார். பிறகு யாரும் திருடாதபடி நட்டை ஸ்பேனரால் இறுக்க வேண்டும். மூன்று சக்கரங்கள் உடனே முப்பத்து மூன்று என்று காட்டின. இடது பின்சக்கரத்துக்கு மட்டும் எண் வராமல் இரண்டு கோடுகள். கழற்றினேன், மாட்டினேன். கழற்றும்போதெல்லாம் புஸ்ஸென்று கொஞ்சம் காற்று போனது. ஆறாவது தடவை முப்பத்தொன்று என்று வந்தது. ஸ்பேனரை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கினேன். பிறகு காருக்குள் உட்கார்ந்து அந்த நான்கு எண்களையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிந்த பிறகு முதல் தடவையாக ஏதோ ஒன்று என் கைக்குள் இருப்பதுபோல இருந்தது.

மறுநாள் எட்டரைக்குக் கிளம்பினேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் திரை சிவந்து கத்தத் தொடங்கியது. இடது பின்சக்கரம் இருபத்தொன்பது. இறங்கி அழுத்திப் பார்த்தேன், கெட்டியாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் போவதற்குள் இருபத்தாறு. மறுபடி நிறுத்தி, விரலில் எச்சில் தொட்டு வால்வில் வைத்தேன். குமிழி கிளம்பியது. டயரில் ஒரு குறையும் இல்லை. நான் மாட்டிய சென்சார் சரியாக உட்காராமல் அதன் வழியாகவே காற்று போய்க்கொண்டிருந்தது.

கழற்றிவிட்டுப் பழைய மூடியைப் போட்டால் முடிந்தது. ஆனால் ஸ்பேனரை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். விரலால் திருகினேன். துண்டைச் சுற்றித் திருகினேன். நட்டு அசையவில்லை. மணி ஒன்பதே கால். ஆத்திரத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்து இழுத்தேன். வால்வின் ரப்பர் அடியோடு கிழிந்து, மிச்சக் காற்றெல்லாம் என் முகத்தில் அடித்தது.

ஸ்டெப்னியை மாற்றும்போது ஜாக்கி இரண்டு முறை மண்ணில் சரிந்தது. "இன்னைக்கு மட்டும், இன்னைக்கு மட்டும்" என்று யாரிடமோ கெஞ்சிக்கொண்டேயிருந்தேன்.

தேரடிக்கு வந்தபோது பத்து நாற்பது. யாரும் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. பதினோரு தடவை அடித்தேன். அவர்கள் தெருவுக்குள் நான் போகக் கூடாது என்று உத்தரவிலேயே இருந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு, அந்தத் தெருவுக்குள் போய்க் கத்தினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். போயிருப்பேன். அப்போதுதான், பதினொன்றே காலுக்கு, போன் வந்தது.

"எங்க மாமா இருக்கீங்க?"

"தேரடியிலதான் மச்சான். டயரு..."

"அதெல்லாம் சொல்லாதீங்க. கொழந்த செருப்ப கழட்ட மாட்டேங்குது. வாசல்லயே ஒக்காந்துகினு இருக்குது. கூட்டியாறேன். பன்னெண்டுக்கு வுட்டுடணும்."

இருபத்தைந்து நிமிடம் கிடைத்தது. அவள் என் கரி படிந்த கையைப் பார்த்தாள். திரையைக் கண்டதும் எட்டி உட்கார்ந்து விரல் வைத்துப் படித்தாள். "முப்பத்தி மூணு. முப்பத்தி நாலு. முப்பத்தி மூணு." அவளுக்கு எண்கள் படிக்கத் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. யார் சொல்லிக் கொடுத்தார்கள், எந்த மாதம் கற்றுக்கொண்டாள், ஒன்றும் தெரியாது.

"இங்க மட்டும் ஏம்ப்பா கோடு?"

"அது கெட்டுப்போச்சிடா."

"யாரு கெடுத்தா?"

"நான்தான்."

அவள் தலையாட்டிவிட்டு, பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருத்தி பென்சிலை ஒடித்த கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் மச்சான் கண்ணாடியைத் தட்டினான்.

அடுத்த வாய்தாவில் மூன்று தாமதங்களையும் என் மனைவியின் வக்கீல் வரிசையாக வாசித்தார். என் தரப்பில் டயரைப் பற்றிச் சொன்னபோது நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லா ஞாயிறும் என்பது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்றானது.

நான்கு டயர்களையும் மாற்றிவிட்டேன். இப்போதெல்லாம் சனிக்கிழமை சாயங்காலமே சிதம்பரம் போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் தங்கிவிடுகிறேன். காலை ஒன்பது மணிக்கே தேரடியில் நிற்பேன். மற்ற ஞாயிறுகளில் பத்து மணி ஆனதும் என்ன செய்வதென்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.