அம்மா விரட்டிய பெண்

காரங்காட்டில் பிறந்து, சுதந்திரம் வந்த வருடம் திருமணமாகித் தொண்டிப் பக்கத்து எங்கள் சிற்றூருக்கு வந்தவர் அம்மா. அப்பா காய்ச்சலில் இறந்தபோது எங்கள் மூவரில் கடைசித் தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். கருவாடு காயவைத்தே அம்மா எங்களை ஆளாக்கினார். அவருடைய உழைப்பையும் பொறுமையையும் உறவினர்களாகிய நீங்கள் அறிவீர்கள். சிலரே அறிந்த ஒன்றையும் இந்த நினைவு மடலில் எழுதுகிறேன். பெரியப்பா வேண்டாம் என்றார். அம்மா இருந்திருந்தால் எழுது என்றுதான் சொல்லியிருப்பார்.

அது மழை பொய்த்த வருடம். கடற்கரை மணலில் தோண்டிய ஊற்று ஒன்றுதான் எங்கள் தெருவுக்குக் குடிநீர். சிரட்டையால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைப்பதற்குள் பாதி நாள் போய்விடும். மேற்கே உள்ள விவசாயக் கிராமத்திலிருந்து மிளகாய் வற்றல் கொண்டுவந்து, கருவாடு மாற்றிப் போகும் கூலிப் பெண் ஒருவர், இடுப்பில் காய்ச்சல்கண்ட பிள்ளையோடு அங்கே வந்தார்.

"ஒரு வாய் தண்ணி ஊத்துங்க ஆத்தா."

"தள்ளிப் போ. இது எங்க ஊத்து. ஒங்க ஆளுக கைபட்டா நாங்க எங்கன போறது?" என்றார் அம்மா.

அந்தப் பெண் பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வெயிலில் நடந்தார்.

அடுத்த தபசு காலத்தில், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்களில், அம்மா இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னார். சாமியார் மன்னிப்பு அளித்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. "ஆண்டவர் மன்னிச்சுட்டாருன்னு சாமி சொல்லுறாரு. அந்தப் பொம்பளகிட்ட நான் கேக்கவே இல்லையேடி," என்றார்.

பெரிய வெள்ளியன்று ஒருசந்தி நோன்போடு என்னையும் அழைத்துக்கொண்டு மேற்கே நடந்தார். அடையாளம் சொல்லி விசாரித்துப் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. அந்தப் பெண் ஊருக்கு வெளியே கொல்லையில் மிளகாய்ப் பழம் பறித்துக்கொண்டிருந்தார்.

"தாயி, போன கோடையில ஊத்தடியில ஒன்ன வெரட்டுனேன். தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சுக்க."

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "வெரட்டுனவுக நெறையப் பேரு ஆத்தா. நீங்க யாருன்னு நெனவு இல்ல."

"இடுப்புல பிள்ள வச்சிருந்தியே, காச்சலோட. அது நல்லாருக்கா?"

"ரெண்டு போயிருச்சு. மூணு இருக்கு. நீங்க எதப் பாத்தீகளோ."

சொல்லிவிட்டு அடுத்த செடிக்குக் குனிந்தார்.

வந்த வழியே திரும்பி நடந்தோம். மாலையில் கோயிலில் எல்லோரும் சிலுவையை முத்தமிடப் போனார்கள். அம்மா கடைசித் தூணோரம் முழங்காலிலேயே இருந்தார். "எந்திரிங்கம்மா" என்று கையைப் பிடித்தேன். "முடியலடி" என்றார். நெடுந்தூரம் நடந்த கால்வலியைச் சொல்கிறார் என்று அன்று நினைத்தேன்.

பிறகு வந்த கோடைகளில், ஊற்றடியில் யார் கேட்டாலும் அம்மா மொண்டு ஊற்றினார். தெருப் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். இரண்டு வருடம் எங்கள் வீட்டோடு யாரும் பேசவில்லை. பாவம் தீர்ந்திருக்கும் என்று நான் ஆறுதல் சொன்னால், "அதுக்கு இது ஈடாகாதுடி" என்று களைத்த குரலில் சொல்வார்.

சென்ற தபசு காலத்தில் படுத்தவர் எழவில்லை. கடைசி அவஸ்தைப் பூசுதல் கொடுத்துவிட்டுச் சாமியார் போனபின், "அந்தப் பிள்ள இருக்கும்ல?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? "இருக்கும்மா" என்றேன். மறுநாள் காலையில் கண்மூடினார்.

நோயில் மாறி மாறி உடனிருந்த சித்திக்கும், மருத்துவருக்கு வண்டி கட்டிப் போன அண்டை வீட்டாருக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த ஊராருக்கும் எங்கள் நன்றி. இந்த முதலாண்டுப் பூசையில் அம்மாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் செபிக்கும்போது, அந்தப் பெண்ணையும் அவருடைய ஐந்து பிள்ளைகளையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லிச் செபிக்க வழியில்லை. அன்று கொல்லையில் நின்றபோது அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.