கீறல் விழாத கட்டடம்

காமினி வரைந்த கட்டடங்கள் எதிலும் அவள் பெயர் இருக்காது. பத்து காவான் என்கிற ஊரில் ஒரு பொறியியல் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. பொறியாளர் கணக்குப் போடுவார். அவள் கணினியில் வரைவாள். கையெழுத்தும் முத்திரையும் அவருடையவை. தொழிற்சாலைக் கூரை, கார் நிறுத்துமிடம் என்று வந்ததையெல்லாம் வரைந்தாள். அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. ஒரே ஒரு கட்டடத்துக்குத்தான் அவள் உயிரைக் கொடுத்து வேலை செய்தாள். அதைச் சொல்லி முடிக்கும்போது எனக்கே வாய் கசக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

டத்தோ கிராமாட்டில் அவள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படை உண்டு. பொம்பா என்கிற அரசாங்கத் தீயணைப்புப் படை வேறு, இது வேறு. அக்கம்பக்கத்து ஆண்கள் வேலை போக மீதி நேரத்தில் நடத்துவது. தண்ணீர்த் தொட்டி வைத்த ஒரு பழைய லோரி, அதற்கு ஒரு தகரக் கொட்டகை. சில வருடங்களுக்கு முன் பெருங்காற்று அடித்த ஒரு நாளில் காமினியின் வீட்டுச் சமையலறையில் தீப்பிடித்தது. பெரிய சாலையில் மரங்கள் சாய்ந்து அரசாங்க வண்டி வர வழியில்லை. பக்கத்திலிருந்த படையாவது வந்திருக்க வேண்டும். ஆனால் காற்று கொட்டகையை முறுக்கி, கூரைச் சட்டத்தை லோரியின் தலையில் இறக்கியிருந்தது. உருட்டுக் கதவு கோணிக்கொண்டு அசைய மறுத்தது. மாடியில் படுத்திருந்த அவள் அப்பா பிச்சைமுத்து புகையிலேயே போய்ச் சேர்ந்தார். அவரைக் காப்பாற்ற வேண்டிய தண்ணீர் லோரியின் வயிற்றில் ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது.

துக்கத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். காமினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாவது மண்ணாவது, நாலு தகரமும் ஒரு கோணல் கதவும் செய்த வேலை அது. எந்தக் காற்று அடித்தாலும் லோரி வெளியே வர வேண்டும். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

அலுவலகப் பொறியாளரைக் கெஞ்சி, லோரிக்குப் புதுக் கொட்டகை வரையச் சனி ஞாயிறுகளில் உட்கார வைத்தாள். நல்ல மனிதர், சும்மாவே கணக்குப் போட்டுக் கொடுத்தார். இருவரும் யோசித்து வந்து நின்ற இடம் குவிமாடம். காற்று பிடித்து இழுக்க அதில் மூலை கிடையாது, பிய்த்துக்கொண்டு போகத் தகரம் கிடையாது. மேலே மரமே விழுந்தாலும் பாரம் வளைந்த கான்கிரீட் ஓடு முழுவதும் பரவித் தரைக்கு இறங்கிவிடும். கதவுக்காக ஓட்டை வெட்டும் இடம்தான் பலவீனம் என்பதால், அதைச் சுற்றிக் கம்பியை நெருக்கிக் கட்டித் தடிமனான வளைவு வைத்தார்கள். முன்னும் பின்னும் இரண்டு வாசல். ஒன்று அடைபட்டால் இன்னொன்று. இரண்டாவது வாசல் காமினியின் பிடிவாதம்.

படையின் தலைவர் லோகேஸ்வரன் முதலில் சிரித்தார். இட்லியைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கிறதே என்றார். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது. ஆனால் பெரிய பலூன் ஒன்றில் காற்றடித்து, உள்ளே கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சியடிக்கத் தொடங்கியதும் வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. படம் நாலு இடத்தில் பரவியது. லோகேஸ்வரன் அப்புறம் இட்லி என்று சொல்லவில்லை, "நம்ம டோம்" என்றார்.

திறப்பு விழா அன்று லோரி முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறியது. காமினி கைதட்ட மறந்து நின்றாள். அந்த ஒரு நாள் அவளுக்குக் கிடைத்தது, இல்லையென்று சொல்ல முடியாது.

அதன் பிறகு யாரோ ஒரு புண்ணியவான் தரைக்கு டைல்ஸ் நன்கொடை கொடுத்தார். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளப்பு. பதித்து முடித்ததும்தான் லோரியின் பாரத்தை அது தாங்காது, எண்ணெய் வேறு சொட்டும் என்று ஞானம் வந்தது. புது சோபாவுக்கு வந்த பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமலே பத்து வருடம் உட்காருகிற ஜனம் அல்லவா நாம்? லோரியை வெளியே அங்சானா மரத்தடியில் நிறுத்தி, மேலே ஒரு தகரப் பந்தல் போட்டார்கள்.

காமினி நேரே லோகேஸ்வரனிடம் போனாள்.

"கொஞ்ச நாளைக்குதான் லா, காமினி. வெளியூர்லேர்ந்து ஆளுங்க பாக்க வர்றாங்க. பாத்துட்டுப் போவட்டும், அப்புறம் உள்ள வச்சிடலாம்."

"அண்ணே, ஆளுங்க பாக்குறதுக்கா இத கட்டுனோம்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மாறாக அவளை உட்கார வைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, அடுத்த மாதம் என்றார். அடுத்த மாதம் கெடாவிலிருந்து ஒரு குழு வந்தது. அதற்கடுத்த மாதம் பள்ளிப் பிள்ளைகள். நாற்காலிகள் வந்தன, மேடை வந்தது, குளிர்சாதனம் வந்தது. படைக்காரர்களையே கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள். லோரி ஓட்டும் ஹக்கீம் அவளிடம் ஒருமுறை தலையைச் சொறிந்துகொண்டு, தான் உள்ளே போய் நாளாகிறது என்றான்.

பெருங்காற்று மறுபடி வந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். குவிமாடத்துக்குள் ஈப்போவிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. லோரியை உள்ளே ஏற்றிவிடலாமா என்று ஹக்கீம் ஓடி வந்து கேட்டான். சாப்பாட்டு மேசைகளை எங்கே தள்ளுவது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அங்சானா வேரோடு சாய்ந்தது. பந்தலும் லோரியின் முன்பாதியும் சப்பையாகிவிட்டன. சற்று நேரத்தில் பின்சந்தில் மின்கம்பி அறுந்து விழுந்து, அங்கே குடியிருந்த சலேஹாவின் பலகை வீட்டில் தீ. அரசாங்க வண்டிக்கு இந்தத் தடவையும் சாலை அடைப்பு. ஹக்கீமும் மற்றவர்களும் வாளியோடு ஓடினார்கள். வாளித் தண்ணீரில் எந்த வீடு அணைந்திருக்கிறது? படுத்த படுக்கையாயிருந்த சலேஹாவின் அம்மா ஹாஜராவை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை.

சாயந்திரம் வீடு இழந்தவர்களைக் குவிமாடத்துக்குள் கொண்டுவந்து அமர்த்தினார்கள். காமினி போனாள். லோகேஸ்வரன் வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். மரத்தின் ஒரு பெரிய கிளை கட்டடத்தின் மேல்தான் விழுந்ததாம்.

"ஒரு கீறல்கூட இல்லம்மா. பேப்பர்காரங்க வந்து எடுத்துட்டுப் போயிருக்காங்க."

அவள் கையை உதறிக்கொண்டு உள்ளே நடந்தாள். அவரை அடிக்காமல் விட்டதே பெரிது.

சலேஹா மேடையோரமாக உட்கார்ந்திருந்தாள். யாரோ கொடுத்த தேத்தண்ணி ஆறிக்கிடந்தது. காமினியைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டாள்.

"அக்கா, இத நீங்கதான் வரைஞ்சீங்களாமே. எவ்வளவு கெட்டியா இருக்கு. காத்து ஆரம்பிச்சப்பவே எங்கம்மாவ தூக்கியாந்து இங்க படுக்க வச்சிருந்தா பொழச்சிருப்பாங்க. எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு."

காமினி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேசாமல் இருந்துவிடலாம். ஆனால் இவள் சாகும்வரை தன்னையே நொந்துகொண்டு கிடப்பாள் என்பது காமினிக்குத் தெரியும்.

"ஒம்மேல தப்பில்ல சலேஹா. ஒங்கம்மா இங்க வந்திருக்க வேணாம். லோரி இங்க இருந்திருக்கணும். அதுக்காகத்தான் இத வரைஞ்சேன்."

சலேஹா அந்தப் பெரிய கூடத்தைச் சுற்றும் முற்றும் பார்த்தாள். லோரி போல இரண்டு நிறுத்தலாம், அவ்வளவு இடம்.

"அப்ப ஏங்க்கா வெளிய நிறுத்துனாங்க?"

லோகேஸ்வரன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். காமினிதான் சொல்ல வேண்டியிருந்தது.

"தரை அழுக்காயிடும்னு."